புல்லட்டுக்கு யாரை வைத்து அளவெடுத்தார்கள்?

குரங்கு பெடல் அடித்ததுண்டா நீங்கள்? நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் அநேகமாக அடித்திருப்பீர்கள். அப்பாவின் பெரிய சைக்கிள். 'பாரு'க்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, அரைப் பெடல் அரைப் பெடலாக... சீட்டில் உட்காரும் யோகமே கிடையாது! பெரிய வண்டி, சின்ன உடம்பு. இரண்டில் எது வளைந்து கொடுத்தது? உடம்புதான்!

இதே கதை மோட்டார் சைக்கிளிலும் நடந்தது. அதுவும் நம்ம மெட்ராஸில்!

'ராயல் என்ஃபீல்டு' இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி. 'புல்லட்' என்கிற பெயர் அங்கே 1932-லேயே வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் ரோந்து சுற்ற நம் ராணுவத்துக்கு ஒரு முரட்டு வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா' பிறந்தது. முதலில், கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாகங்களும் இங்கேயே தயாராக ஆரம்பித்தன. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கம்பெனி கடையைக் கட்டியது. திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டும் தழைத்தது!

ஆக, இன்ஜின் மெட்ராஸ், ஓட்டுகிறவரும் மெட்ராஸ். ஆனால் வண்டியின் அளவு? அது ரெட்டிச்!

கொஞ்சம் கணக்குப் போடலாமா? இந்திய ஆணின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ. பெண்ணுக்கு சுமார் 152. இதில் கால் மட்டும் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதாவது ஆணுக்கு 76 செ.மீ., பெண்ணுக்கு 70. இன்றைய 'கிளாசிக் 350' புல்லட் குடும்பத்து வண்டிதான். அதன் சீட் உயரம் 80.5 செ.மீ.! உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், செருப்பு கொஞ்சம் உதவும். ஆனால் அகலமான சீட் தொடைகளை விரித்து, கிடைத்ததைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம், கட்டைவிரல் நுனிதான். லஸ் கார்னர் சிக்னலில், 160 கிலோவுக்கு மேல் கனக்கிற வண்டியை அந்த நுனியில் தாங்கி நிற்க வேண்டும். சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால்? முருகா!

ஸ்டார்ட் செய்வது அடுத்த சோதனை. பழைய புல்லட்டில் பட்டன் கிடையாது. ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவில் கொண்டுவந்து, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல ஒரு தள்ளு. பிறகு லீவரை விட்டுவிட்டு, முழு எடையையும் இறக்கி ஒரு உதை! நெடியவர் உட்கார்ந்தபடியே உதைப்பார். குள்ளமானவர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, மேலே ஏறி நின்று உதைக்க வேண்டும். நேரம் சரியில்லையென்றால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலில் வாங்கியவர்களைக் கேட்டுப்பாருங்கள்!

இந்த ரெட்டிச் அளவை மெட்ராஸ் அளவாக மாற்றியது யார்? எந்த டிசைனரும் இல்லை. ஜி.பி. ரோடு சீட் கடைக்காரர்களும் புதுப்பேட்டை மெக்கானிக்குகளும்தான். அவர்களுடைய வைத்தியம் படிப்படியாகப் போகும்.

முதலில், சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைச் செதுக்குவது. உயரத்தைவிட முன்பக்கத்து அகலத்தைக் குறைப்பதுதான் இதில் சூட்சுமம். தொடை ஒடுங்கினால் கால் தானாகத் தரைக்கு இறங்கும். ஆனால் அளவுக்கு மீறிச் செதுக்கினால், அடியில் இருக்கும் தகடு எலும்பில் முட்டும். மாமல்லபுரம் போய்த் திரும்புவதற்குள் உட்கார முடியாமல் போய்விடும்! அதனால் கெட்டியான ஸ்பாஞ்சாகப் பார்த்துப் போடுவார்கள்.

அடுத்தது, பின் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்குவது. இங்கேதான் வம்பு ஆரம்பம். பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன்சக்கரத்தின் பிடி குறையும், ஹேண்டில் சோம்பேறியாகும். அதற்காக முன் ஃபோர்க்கையும் இறக்கினால், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் வண்டியின் அடிவயிற்றைத் தடவும். சைடு ஸ்டாண்டை மறந்தால் அதைவிட மோசம். வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. வண்டி சாயாமல் விறைப்பாக நிற்கும். யாராவது லேசாக இடித்தால் மறுபக்கம் 'தொம்'!

சேஸிஸை வெட்டி ஒட்டுவது கடைசி வைத்தியம். அந்தப் பக்கமே போகாதீர்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. வெல்டிங் விட்டுப்போனால் ஆர்.டி.ஓ.வுக்கு அல்ல, எமனுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

உலகத்தில் சிலர் ஓட்டுகிறவரிடமிருந்தே கணக்கை ஆரம்பித்தார்கள். 1958-ல் ஹோண்டா 'சூப்பர் கப்' செய்தபோது, மனதில் இருந்தவர்களில் ஒருவர் நூடுல்ஸ் டெலிவரி பையன். ஒரு கையில் தட்டு, மறுகையில் ஹேண்டில். எனவே கிளட்ச் லீவரே கிடையாது! ஹார்லி-டேவிட்சன் 1977-ல் தாழ்வான சீட்டோடு 'லோ ரைடர்' கொண்டுவந்தது. நம்ம ஊரில் 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 உயரப் பிரச்னையையே ஒழித்தது. ஆனால், புல்லட் ஆசை இருப்பவருக்கு மொபெட் ஆறுதலாகுமா?

என்ஃபீல்டும் மெல்ல இறங்கி வந்தது, நிஜமாகவே! 2020-ல் 'மீட்டியோர் 350', சீட் 76.5 செ.மீ. அடுத்து 'சூப்பர் மீட்டியோர் 650', வெறும் 74. 2023-ல் வந்த புதிய 'ஹிமாலயன் 450'-ல் சீட்டையே 82.5-க்கும் 84.5-க்கும் ஏற்றி இறக்கலாம். இன்னும் தாழ்வான சீட் வேண்டுமா? தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஜி.பி. ரோட்டில் ஸ்பாஞ்சைச் செதுக்கியவர் காலங்காலமாகச் செய்த வேலை, இப்போது கம்பெனி கேட்லாக்கில்!

இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்கிறீர்களா? புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் அசரவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

அன்று வண்டி எட்டாதபோதும் ஏறினார்கள். ஆனால், எட்டாததாலேயே ஏறாமல் நின்றவர்கள் எத்தனை பேர்? 'இது உனக்கான வண்டி இல்லை' என்று வீட்டிலும் கடையிலும் சொன்னபோது, தன் உயரத்தின் மேல்தான் குறை என்று அவர்கள் நம்பியிருப்பார்கள். குறை காலில் இல்லை சார், அளவெடுத்த டேப்பில்!

அடுத்த தடவை அடையாறு சிக்னலில் புல்லட்டில் வந்து நிற்கும் ஐந்தடிப் பெண்ணைப் பார்த்தால், முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய பாதத்தையும் பாருங்கள். முழுசாகத் தரையில் பதிந்திருக்கிறதா? அங்கே நிற்பது மெட்ராஸ் அளவு!