65 வயதும் ஏழு மாதக் கெடுவும்

அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். 1965 ஜூலை 30 அன்று மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரிலுள்ள ட்ரூமன் நூலகத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு தேசிய மருத்துவக் காப்பீட்டை முன்மொழிந்து தோற்றவர் ஹாரி ட்ரூமன். அவரே இந்தத் திட்டத்தின் முதல் பயனாளியானார்.

திட்டம் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. மருத்துவமனைச் செலவை ஏற்கும் பார்ட் ஏ, வேலை செய்த காலத்தில் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட வரியால் நடந்தது. டாக்டர் கட்டணத்துக்கான பார்ட் பி, விரும்பியவர் மட்டும் சேரும் திட்டம். அதற்கு மாதப் பிரீமியம் 3 டாலர். அதே அளவு தொகையை அரசும் போட்டது. எப்போது சேர்வது என்ற கேள்வி இந்த விருப்பத் தேர்விலிருந்துதான் பிறந்தது. உடல் நன்றாக இருக்கும் வரை வெளியே இருந்துவிட்டு, நோய் வந்த பிறகு சேரலாம் என்றால் நோயாளிகள் மட்டுமே சந்தா கட்டுவார்கள், நிதி தாங்காது. அதைத் தடுக்கச் சட்டம் கெடு வைத்தது. 65 வயது நிறையும் மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்கள், பிந்தைய மூன்று மாதங்கள் என ஏழு மாதங்களுக்குள் பதிய வேண்டும். தவறினால், தாமதமான ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் தொகை ஒருமுறை கட்டித் தீர்க்கும் அபராதம் அல்ல. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் தொடர்வது. மூன்று ஆண்டுகள் தாண்டியவர் சேரவே முடியாது என்ற விதியும் முதலில் இருந்தது. 1972இல் அது நீக்கப்பட்டது.

சட்டம் வந்தபோதே 65ஐக் கடந்திருந்தவர்களுக்கு 1966 மார்ச் 31 கடைசி நாள். விட்டால் 1967இன் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டும். தனியாக வாழ்ந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அரசுக் கடிதம் என்றாலே தயங்கியவர்கள் என்று பலரிடமிருந்து பதிவுக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ‘மெடிகேர் அலர்ட்’ என்ற பெயரில் முதியவர்களையே வேலைக்கு அமர்த்தி வீடு வீடாக அனுப்பினார்கள். காட்டுப் பகுதிகளில் ஒதுங்கி வாழ்ந்தவர்களைத் தேடி வனக்காவலர்கள் போனார்கள். அப்படியும் ஆட்கள் மிச்சமிருக்கவே, கெடு மே 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் அதில் இருந்தார்கள்; தகுதியுள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பார்ட் பியையும் எடுத்திருந்தார்கள். மெடிகேர் வரலாற்றில் கையெழுத்து விழாவைவிடப் பெரிய சாதனை இந்தக் கதவு தட்டல்தான்.

அதற்குப் பிறகு விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. 65க்குப் பிறகும் வேலையில் இருப்பவருக்கு நிறுவனத்தின் காப்பீடே முதலில் செலவை ஏற்க வேண்டும் என்று 1982இல் சட்டமானது. இன்று இருபதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அத்தகைய ஊழியர்கள் பார்ட் பியைத் தள்ளிப்போட்டு, வேலையை விட்டபின் எட்டு மாதங்களுக்குள் அபராதமின்றிச் சேரச் சிறப்புக் காலம் ஏற்பட்டது. வேலை போனபின் கோப்ரா சட்டப்படி முழுப் பிரீமியத்தையும் தாமே கட்டி, பழைய நிறுவனக் காப்பீட்டைத் தொடர்பவர்களோ இதில் ஏமாந்து போகிறார்கள். கையில் காப்பீடு இருந்தாலும், எட்டு மாதக் கணக்கு வேலை முடிந்த அடுத்த மாதமே ஓடத் தொடங்கிவிடுகிறது.

1983இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் மெடிகேரில் சேரும் வயதைத் தொடவே இல்லை. ஆனாலும் பெரிய குழப்பத்துக்கு அதுவே காரணம். முழு ஓய்வூதிய வயதை அது 65லிருந்து படிப்படியாக 67க்கு உயர்த்தியது. மெடிகேர் வயது 65லேயே நின்றது. ஓய்வூதியம் ஏற்கெனவே பெறுபவரைச் சமூகப் பாதுகாப்புத் துறை தானாகவே மெடிகேரில் சேர்த்துவிடும். ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடுபவர் தாமே நினைவு வைத்துப் பதிய வேண்டும். இரண்டு வயதும் ஒன்றாக இருந்த நாளில் இந்தச் சிக்கல் பலருக்கு எழவில்லை.

மெடிகேர் விட்டுவைக்கும் செலவுகளுக்கான தனியார் துணைக் காப்பீடு மெடிகேப். 1990 சட்டப்படி, 65 வயதாகி பார்ட் பியில் சேர்ந்த நாள் முதல் ஆறு மாதங்களுக்கு எந்த நிறுவனமும் நோயைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது. அந்தக் காலம் முடிந்தால், பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலை கேட்டு மறுக்கலாம். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவருக்கு மற்ற எல்லாக் கெடுக்களையும்விட இது முக்கியமானது.

மருந்துச் செலவுக்கான பார்ட் டி 2003இல் சட்டமாகி 2006 ஜனவரியில் தொடங்கியது. ஈடான மருந்துக் காப்பீடு இல்லாமல் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீத அபராதம் என்று அதுவும் தனிக் கெடுவோடு வந்தது. மருந்துத் திட்டத்தையும், மெடிகேருக்கு மாற்றாகத் தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தையும் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் காலம் 2011 முதல் அக்டோபர் 15இலிருந்து டிசம்பர் 7 வரை.

முதல் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை பார்ட் பியில் பதியலாம். ஆனால் 2022 வரை காப்பீடு ஜூலையில்தான் தொடங்கியது. இடையில் நோய் வந்தால் கைக்காசுதான் போனது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால், 2023 ஜனவரி முதல் பதிந்த அடுத்த மாதமே காப்பீடு கிடைக்கிறது. நிறுவனம் தவறான தகவல் தந்ததால் ஏமாந்தவர்களுக்கும் பேரிடரில் சிக்கியவர்களுக்கும் சிறப்புக் காலம் உண்டானது. 65 வயதை நெருங்குபவருக்கு அரசே முன்கூட்டிக் கடிதம் அனுப்ப வேண்டும் என்ற யோசனை மட்டும் அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அது பின்னர் தனி மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது.