முதல் குறடைப் பிடித்தது எந்தக் குறடு?

மலையகத்தில் கத்தி என்றதும் ஞாபகம் வருவது கவ்வாத்துக் கத்திதான். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டி இறக்க வேண்டும். வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில் விழ வேண்டும். கிளை பிளந்துவிட்டால் அந்தக் காயத்தின் வழியாக அழுகல் உள்ளே இறங்கும். அதனால் கத்தி மொட்டையாக இருக்கவே கூடாது.

தேயிலையின் கதையை 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெய்லர் என்று தொடங்குவோம். கத்தி அடித்த கொல்லர் அதில் பெரும்பாலும் வருவதில்லை. நாங்கள் இன்று அவரைப் பற்றித்தான் எழுதுகிறோம், அதிலும் கத்திக்கு முன்னால் அவர் செய்துகொண்ட சாமான்களைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தச்சருக்கு உளி வேண்டுமென்றால் கொல்லரிடம் போவார். கொத்தனாரும் அப்படித்தான். கொல்லருக்குச் சம்மட்டி வேண்டுமென்றால்? அவரே அடித்துக்கொள்வார். இங்கேதான் பிள்ளைகள் மடக்குவார்கள்: "சேர், சுடு இரும்பைப் பிடிக்கக் குறடு வேணும். குறடும் இரும்பு. அப்ப முதல் குறடைச் செய்யேக்க எதால பிடிச்சாங்க?"

நல்ல கேள்வி. பதில் சுலபம்: நீளமான கம்பியாக எடுத்தால் குறடே வேண்டாம். ஒரு நுனி உலையில் சிவக்கும், மறு நுனியைக் கையால் பிடிக்கலாம். சிவந்த நுனியைத் தட்டையாக்கி, வாயை வளைத்து, ஆணி போகத் துளையிட்டு, கடைசியில்தான் அளவுக்கு வெட்டுவார்கள். இரண்டு பாதியையும் ஓர் ஆணியில் கோத்தால் குறடு. அதை மெல்லிரும்பில் செய்வதே புத்தி. கடினமான உருக்கில் செய்தால், சுடச்சுடத் தண்ணீரில் பட்டதும் வெடிக்கலாம். கத்திக்குத்தான் உருக்கு வேண்டும். பழைய லொறியின் வில்லுத் தகடு அதற்கு அருமையானது. அதைச் சிவக்கச் சூடாக்கினால் காந்தம் ஒட்டாத ஒரு நிலை வரும். அதற்குச் சற்று மேலே போனதும் தோய்த்து எடுத்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டினால் வாய் உடையாமல் நிற்கும்.

பட்டடைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. அது ஏற்றிப்போன தேயிலையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கழித்துப் போட்ட தண்டவாளத்தைப் பட்டறைக்காரரைக் கேட்டால் தெரியும்.

வெள்ளைக்காரனோடுதான் இரும்பு இந்த மலைக்கு வந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமியைப் படித்தால் அந்த நினைப்பு போய்விடும். தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணிப்பாளராக இருந்தவர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், கைவினைஞர்களையும் பார்த்துக் குறித்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் பெரிய நூலே வெளியிட்டார். பலாங்கொடைப் பக்கம் பழைய முறையில் இரும்பு உருக்கியதும் அதில் இருக்கிறது.

அவர்களுடைய துருத்தியைப் பாருங்கள். சிங்களத்தில் மயினஹம. மரத்தைக் குடைந்து இரண்டு கிண்ணம், மேலே இழுத்துக் கட்டிய தோல், தோலின் நடுவில் ஒரு துளை. ஒருவர் ஏறி நின்று மாறி மாறி மிதிப்பார். மிதிக்கும்போது குதிகால் துளையை அடைக்கும், காற்று உலைக்குப் போகும். காலைத் தூக்கினால் வளைத்துக் கட்டிய கம்பு தோலை மேலே இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றும் இல்லை. காடும் மாடும் போதும்.

அதைவிட ஆச்சரியம் சமனலவெவ. அணை கட்டுவதற்கு முன் அங்கே நடந்த தொல்லியல் ஆய்வில், மேற்கு நோக்கிய உலைகள் மலைச்சரிவுகளில் வரிசையாகக் கிடைத்தன. கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் 1996இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். காலம் ஏறக்குறைய கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. துருத்தியே கிடையாது! தென்மேல் பருவக்காற்று முன்சுவரில் மோதி, மேலே ஏறித் தாண்டும்போது உலைக்குள் காற்றை இழுக்கும். அதே மாதிரி உலை கட்டிப் பற்றவைத்தும் பார்த்தார்கள். உருக்கு வந்தது. கிழக்கில் கச்சான் என்று சொல்லும் காற்றும் இந்தப் பருவத்ததுதான். ஜூன், ஜூலையில் லயத்துக் கூரைத் தகரத்தைத் தூக்கும் அந்தக் காற்றையே தங்கள் துருத்தியாக்கிக்கொண்ட மனிதர்கள்!

9ஆம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்த அல்-கிந்தி, கலீபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஸரந்தீபின் உருக்கு அதில் வருகிறது. ஸரந்தீப் நம் தீவுதான். சமனலவெவ உலைகள் எரிந்த அதே நூற்றாண்டுகள்.

பக்தாதில் எழுதிவைத்தார்கள். தோட்டத்துப் பட்டறைகளைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும். வீட்டில் பாட்டன் காலத்துக் கவ்வாத்துக் கத்தியோ, பட்டறையில் கையால் அடித்த குறடோ இருந்தால் படம் எடுத்து, தோட்டத்தின் பெயரோடு அனுப்புங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. தேய்த்துச் சுத்தம் பண்ணிவிடாதீர்கள், சம்மட்டி பட்ட தழும்பு தெரிய வேண்டும்.