மழுங்கிய கத்திதான் கையை வெட்டும்! சாணை பிடிப்பது முதல் வெளியே எடுத்துச் செல்வது வரை

தக்காளியை நறுக்கும்போது தோல் வெட்டுப்படாமல் நசுங்கி சாறு வழிகிறதா? அப்படியென்றால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். 'கூரா இருந்தா கையை வெட்டிடும், இப்படியே இருக்கட்டும்' என்று பல வீடுகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மழுங்கிய கத்தி ஏன் ஆபத்து?

கூரான கத்தி வைத்த இடத்திலேயே இறங்கும். மழுங்கியது வழுக்கும். அதனால் நாம் கூடுதலாக அழுத்துகிறோம். அந்த நேரம் கத்தி சறுக்கினால், அதே வேகத்தில் விரலில் இறங்கும். பூசணி, சேனைக்கிழங்கு போன்ற கடினமான காய்களில் இது அடிக்கடி நடக்கும். இளநீர் வெட்டும் அரிவாளுக்கும் இதே கணக்குதான்.

சீக்கிரம் மழுங்குவது ஏன்?

கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை ஆகியவற்றின் மேல் வைத்து நறுக்குவதே முக்கியக் காரணம். மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் பலகைதான் சரி. நறுக்கிய காயை வழித்துப் போட கத்தியின் முதுகுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். டப்பா மூடியைத் திறப்பது, ஃப்ரீசரில் உறைந்த கறியை வெட்டுவது போன்ற வேலைகளுக்குக் காய்கறிக் கத்தி வேண்டாம்.

வீட்டிலேயே தீட்டுவது எப்படி?

* 1000 எண் கொண்ட சாணைக்கல் வீட்டு உபயோகத்துக்குப் போதும். ரொம்பவே மழுங்கியிருந்தால் முதலில் 400 எண் கல். எண் கூடக்கூட கல் வழவழப்பாக இருக்கும்.
* தண்ணீரில் பயன்படுத்தும் கல் என்றால் நனைத்து, கீழே ஈரத்துணி விரித்து வையுங்கள். கல் நகராது.
* சமையல் கத்திக்கு 20 டிகிரி சாய்வு போதும். கத்தியை நேராக நிறுத்தி, பாதி சாய்த்து, மறுபடி அதில் பாதி சாய்த்தால் கிட்டத்தட்ட அந்தக் கோணம் வந்துவிடும். அரிவாளுக்கு 25 முதல் 30 டிகிரி.
* ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். அது வந்ததும் பக்கத்தை மாற்றுங்கள்.
* செய்தித்தாளை இழுபறியில்லாமல் வெட்டினால் கூர் ஏறிவிட்டது.

கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும். அதில் மெதுவாகத் தேய்த்தால் அவசரத்துக்கு உதவும்.

சாணைக்காரரிடம் கொடுத்தால்...

வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் தீப்பொறி பறக்க நேரம் நேரமாகப் பிடித்தால் கத்தி சூடேறும். விளிம்பு நீலநிறமாக மாறினால் பதம் போய்விட்டது. அந்த இடம் மறுபடி சீக்கிரம் மழுங்கும். 'நடுநடுவுல தண்ணியில முக்கிப் பிடிங்க' என்று சொல்லிக் கொடுங்கள்.

துரு பிடிக்காமல் இருக்க...

இரும்புக் கத்தி, அரிவாள்மணை ஆகியவற்றைக் கழுவியதும் உடனே துடைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். மாங்காய், புளி, எலுமிச்சை பட்டால் கறை சீக்கிரம் வரும். எவர்சில்வர் கத்தியும் ஈரத்தில் கிடந்தால் புள்ளி விழும். சிங்க்கில் மற்ற பாத்திரங்களோடு போடவே கூடாது. நுரைக்குள் மறைந்திருக்கும் கத்தி, கழுவுகிறவரின் கையைப் பதம் பார்த்துவிடும்.

வெளியே எடுத்துச் செல்லலாமா?

வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட கருவிகள் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 'ஆயுதம்' ஆகாது. அப்படி இல்லாமல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. 2021-ல் தமிழக காவல்துறை, அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது.

எனவே தோட்ட வேலைக்கோ கடைக்கோ எடுத்துப் போகும்போது உறையில் போட்டு, பைக்குள் வையுங்கள். உறை இல்லாவிட்டால் தடிமனான அட்டையில் சுற்றலாம். விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. ஒருவரிடம் கொடுக்கும்போது கைப்பிடி அவர் பக்கம் இருக்கட்டும். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விலகி நில்லுங்கள்.

கை வெட்டுப்பட்டால்...

* சின்னக் காயம் என்றால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.
* காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.
* ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* மண்ணோ மீன் கழிவோ பட்ட கத்தியா? கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் டாக்டரைப் பாருங்கள்.
* விரல் துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. தாமதிக்காமல் 108-க்கு அழையுங்கள்.