கவலை துஆவும் கடன் சுமையும்: ஒரு பாடபேதத்தின் வரலாறு

வரப்போவதை எண்ணிக் கலங்குவோர் ஓதும் துஆக்களில் மிகப் பரவலானது, எட்டுத் தீங்குகளிலிருந்து இறைவனிடம் காவல் தேடுவது. கவலை, துயரம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடனின் பளு, மனிதரின் ஆதிக்கம் என்பன அந்த எட்டு. புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இதை அறிவிப்பவர் அனஸ் இப்னு மாலிக். கைபர் பயணத்தில் (ஹிஜ்ரி 7, கி.பி. 628) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தபோது இதை அடிக்கடி கேட்டதாக அவர் சொல்கிறார். அனஸின் பணிவிடை மதீனாவுக்கு நாயகம் வந்த நாளிலேயே தொடங்கிவிட்டது என்று வேறு அறிவிப்புகள் கூறுவதால், கைபரை இந்தத் துஆவின் தொடக்கமாகக் கொள்ள முடியாது.

துஆவை இன்று பலரும் புரிந்துகொள்ளும் விதம் இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) வகுத்தது. 'ஸாதுல் மஆத்' நூலில் அவர் எட்டையும் நான்கு இணைகளாகப் பிரிக்கிறார். உள்ளத்தை வருத்துவது நடந்து முடிந்ததாயின் துயரம், நடக்கவிருப்பதாயின் கவலை. நன்மை கைநழுவுவது ஆற்றல் இல்லாததால் என்றால் இயலாமை, மனம் இல்லாததால் என்றால் சோம்பல். உடலால் உதவ மறுப்பது கோழைத்தனம், பொருளால் மறுப்பது கஞ்சத்தனம். ஒருவர் நியாயத்தோடு மேலோங்கினால் கடன், அநியாயமாக மேலோங்கினால் ஆதிக்கம். துஆ மனநோய்க்கு மருந்தாவது இந்தப் பகுப்பில்தான். எதிர்காலக் கவலைக்கான துஆ என்று தனித்துச் சுட்டும் வழக்கமும் இதன் முதல் இணையைத் தழுவியதே. எட்டும் மிச்சமின்றி அடங்கிவிடும் அழகான பகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் கவலையை உள்ளத்தின் நிலையாகத் தொடங்கிய அவர், கடனை வழக்கு மன்றத்துச் சொற்களால் விளக்கி முடிக்கிறார். முதல் இணைக்கும் கடைசி இணைக்கும் இடையே என்ன உறவு என்பதை அந்தப் பகுப்பு காட்டுவதில்லை.

அந்த உறவைக் காட்டுவது அபூதாவூதின் (இறப்பு 889) ஹதீஸ் தொகுப்பில் உள்ள மற்றோர் அறிவிப்பு. தொழுகை நேரமல்லாத நேரத்தில் அபூ உமாமா என்ற அன்சாரி பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கிறார். காரணம் கேட்ட நாயகத்திடம் அவர் சொன்ன மறுமொழியில் கவலைகளும் கடன்களும் ஒரே மூச்சில் வருகின்றன. காலையிலும் மாலையிலும் ஓதும்படி இதே துஆ அவருக்குக் கற்பிக்கப்படுகிறது. ஓதினார், கவலை நீங்கியது, கடனும் அடைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது பாடபேதம். புகாரியில் கடனுக்கு 'ளலஅ' (முதுகை வளைக்கும் பளு), மனிதருக்கு 'ஃகலபா' (மேலாதிக்கம்). அபூதாவூதில் 'ஃகலபா' கடனுக்கு இடம்பெயர்கிறது, மனிதருக்கு 'கஹ்ர்' (அடக்குமுறை) வந்து அமர்கிறது. கஞ்சத்தனமும் கோழைத்தனமும் முன்பின்னாவது புகாரியின் பாடங்களுக்குள்ளேயே உண்டு. அதை நினைவுப் பிசகு எனத் தள்ளலாம். மனிதருக்குரிய சொல் கடனுக்குப் போவது அந்த வகையன்று. கடன் கொடுத்தவனும் கடனும் ஒரே விதமாகத் தங்களை ஆள்வதாக உணர்ந்தவர்களின் வாயில்தான் இப்படி மாறியிருக்க வேண்டும். இப்னுல் கய்யிம் நியாயம், அநியாயம் என்று பிரித்த இரண்டும் இந்தப் பாடத்தில் ஏறக்குறைய ஒன்றே.

சான்று வலுவற்றது என்பதை மறைப்பதற்கில்லை. அறிவிப்பாளர் தொடரில் வரும் பஸராக்காரர் கஸ்ஸான் இப்னு அவ்ஃப் பலவீனமானவர் எனக் கருதப்படுகிறார். அபூ உமாமா யார் என்பதும் தீராத கேள்வி. அந்தப் பெயரால் புகழ்பெற்ற அன்சாரி அஸ்அத் இப்னு சுராரா ஹிஜ்ரி முதலாண்டிலேயே இறந்தவர், அறிவிப்பாளர் அபூசயீத் அல்-குத்ரி அப்போது சிறுவர். எனவே நிகழ்வுக்கு ஆண்டு குறிக்க வழியில்லை. ஆயினும் தொடர் பலவீனமாக இருப்பதால் வாதம் விழுந்துவிடாது. இது நாயகத்தின் வாழ்வுக்குச் சான்றாகாவிட்டாலும், ஒன்பதாம் நூற்றாண்டில் துஆ எப்படி விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதற்குச் சான்றாகும். கடனை மையமாக வைத்த அந்த விளக்கம், இப்னுல் கய்யிமுக்கு நான்கரை நூற்றாண்டு முந்தியது.

தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் யெமனின் ஹளரமவ்த்திலிருந்து வந்த ஓதல் மரபு பேணியது அபூதாவூத் பாடத்தையே. அங்குள்ள தரீம் நகரின் அப்துல்லாஹ் அல்-ஹத்தாத் (1634–1720) தொகுத்த 'அல்-விர்துல் லதீஃப்' என்ற ஓதல் தொகுப்பு (விர்து) அதைக் காலை ஓதலில் மும்முறை வைக்கிறது. சவூதி அறிஞர் சயீத் அல்-கஹ்தானியின் 'ஹிஸ்னுல் முஸ்லிம்' தமிழிலும் பரவிய சிறு கையேடு. அது எடுத்துக்கொண்டது புகாரி பாடம். அதே துஆவைக் கவலைக்கு ஒரு முறையும் கடனுக்கு ஒரு முறையுமாக இரண்டு தலைப்புகளில் அது வைக்கிறது. கவலைக்கும் கடனுக்கும் உள்ள உறவைக் காட்டுவதில் இப்னுல் கய்யிமின் பகுப்பைவிடக் கையேடு தெளிவாக இருப்பது வியப்புத்தான்.

கடனை மையமாக்கும் விளக்கம், இப்னுல் கய்யிமின் விளக்கம் ஆகிய இரண்டுக்கும் இன்று சென்னையின் தென்புறத்தில் இடமுண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனி. அதன் அக்கம்பக்கத்து நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பெருகின. தோல் தொழில் நெடுங்காலம் முன்பணத்தில் ஓடியது. அத்தகைய தொழிலில் நாளைய கவலை என்பது பெரும்பாலும் நாளைய தவணைதான். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரில் 1984-இல் கிரசென்ட் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வளாகம் போன்ற இடங்களில் தேர்வையும் வேலையையும் எண்ணி ஓதுவோருக்கு இப்னுல் கய்யிமின் விளக்கம் எளிதில் பொருந்தும். எந்த மரபிலிருந்து ஓதுகிறார்கள் என்பதை முடிவுச் சொற்களே காட்டிக்கொடுக்கும். 'கஹ்ரிர் ரிஜால்' என முடித்தால் விர்து வழி, 'ஃகலபதிர் ரிஜால்' என முடித்தால் புகாரி வழி.