ஆண்டவனை அரை எழுத்தாக்கிய அச்சம்

வகுப்பிலே ஷேக்ஸ்பியர் நாடகமொன்றைப் படித்துக் கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, 'ஜவுண்ட்ஸ்' என்றால் என்ன பொருள்?" என்று கேட்டான். 'வியப்புச் சொல்' என்று கூறி அவனை அமர்த்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சிறு சொல்லுக்குள்ளே நெடிய அச்சத்தின் வரலாறு அடைபட்டுக் கிடக்கிறதே, தோழர்களே!

'கடவுளின் காயங்கள் மீது ஆணை' என்பதே அதன் முழு உரு. சிலுவையிலே ஏசு பட்ட காயங்கள்! 'ஸ்பிளட்' என்பது கடவுளின் குருதி. 'கேட்சூக்ஸ்' என்பது சிலுவையில் அறைந்த ஆணிகள் என்பர். இடைக்கால இங்கிலாந்து மக்கள் எதைத் தொழுதனரோ, சினம் பொங்கியபோது அதுவே நாவில் வந்தது. மதகுருமார் பதறினர். இப்படி ஆணையிடுவோன் ஏசுவின் உடலை மீண்டும் பிய்த்தெறிகிறான் என்று போதித்தனர். பக்கிங்காம்ஷயரைச் சேர்ந்த பிராட்டன் தேவாலயச் சுவரிலே 15-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. பகட்டாக உடுத்திய இளைஞர்கள், ஏசுவின் உறுப்புகளைக் கையிலேந்தி நிற்கின்றனர்!

மிரட்டலுக்கு அஞ்சி மக்கள் நிறுத்தினரா? இல்லை, குறுக்கினர். 'காட்' என்பது 'காஷ்' ஆயிற்று. 'ஜீசஸ்' என்பது 'ஜீ' ஆயிற்று. பிரெஞ்சுக்காரரோ, கடவுளைக் குறிக்கும் சொல்லை அகற்றி, ஒலியொத்த வேறொரு சொல்லை வைத்து, 'நீலத்தின் மீது ஆணை' என்றனர்! அனைத்தும் அறிந்தவன் என்று போற்றப்படும் ஆண்டவன், ஓரெழுத்தை மாற்றினால் ஏமாந்துவிடுவான் என்று எண்ணினர் போலும்.

ஆண்டவன் ஏமாந்தாலும் அரசு ஏமாறவில்லை. 1606-இல் சட்டம் வந்தது. மேடையிலே விளையாட்டாகக் கடவுள் பெயரை உரைத்தால் 10 பவுன் தண்டம். அதிலே பாதி மன்னனுக்கு, மறுபாதி வழக்குத் தொடுத்தவனுக்கு! பக்திக்குப் பங்குத்தொகை! 'ஒதெல்லோ' நாடகத்தின் 1622-ஆம் ஆண்டுப் பதிப்பில் இயாகோ வாய் திறந்ததும் வரும் முதற்சொல்லே 'ஸ்பிளட்'. 1623-ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் அதைக் காணோம். சட்டத்துக்கு அஞ்சிய கத்தரியின் வேலை அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

1745-இல் வந்த மற்றொரு சட்டம் நாடக மேடையைத் தாண்டி நாட்டு மக்கள் அனைவரின் நாவையும் பிடித்தது. கூலியாள், படைவீரன், கடலோடி ஆகியோருக்கு ஆணை ஒன்றுக்கு 1 ஷில்லிங், கனவானுக்குக் கீழ்ப்பட்ட பிறருக்கு 2, கனவானுக்கு 5. உயர்ந்தவனுக்கு உயர்ந்த தண்டம், நியாயந்தானே என்பீர்கள். பொறுங்கள்! கனவானுக்கு அது சில்லறை. கூலியாளுக்கோ அந்த ஒரு ஷில்லிங் ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு. கட்ட வழியற்றவனுக்குத் திருத்தச்சிறையிலே 10 நாள் கடுந்தொழில். படைவீரனாயின் தெருவிலே தொழுக்கட்டை. ஒரே சொல்லைத்தான் இருவரும் உரைத்தனர். ஒருவன் பணப்பையைத் தொட்டான். மற்றவன் முதுகை வளைத்தான்.

இச்சட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை தேவாலயங்களிலே உரக்கப் படிக்க வேண்டுமென்றும் விதித்திருந்தனர். படிப்பது இடையிலே நின்றது. சட்டம் மட்டும் ஏட்டிலே கிடந்தது. அது நீக்கப்பட்ட ஆண்டு 1967. நிலவிலே மனிதன் கால் வைப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு!