ஹிஸ்லாப்பின் பெயர் தாங்கிய பல்

சென்ற வாரம் நஸ்கலில் நிறுத்தியிருந்தோம். ஹைதராபாத்துக்கு மேற்கே, தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட பழைய ஏரிக் களிமண். டைனோசர்களின் காலடியில் ஓடிய எலி அளவுப் பாலூட்டிகளை அங்கே தேடினார் ஜி.வி.ஆர். பிரசாத். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அசோக் சாஹ்னியின் மாணவர். பின்னாளில் ஜம்முவிலும் டெல்லியிலும் பேராசிரியர்.

இந்த வேலைக்குச் சுத்தியலைவிடச் சல்லடைதான் முக்கியம். காய்ந்த களிமண்ணை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கட்டி பொலபொலவென்று உதிரும். அதை நுண்சல்லடையில் அலசி, தங்கிய துகளை நுண்ணோக்கியின் கீழே பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மீன் செதில், தவளை எலும்பு, மறுபடியும் மீன் செதில். டைனோசரின் தொடை எலும்போடு படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் கிடைக்கும் புகழில் கால்வாசிகூட இந்தப் பொறுமைக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

அப்படி அகப்பட்ட கடுகளவுப் பற்களைத்தான் 1988-ல் பிரசாத்தும் சாஹ்னியும் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். இந்தியாவின் முதல் கிரெட்டேசியப் பாலூட்டி: டெக்கனோலெஸ்டிஸ் ஹிஸ்லாபி.

அந்த ஹிஸ்லாப்பைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஸ்டீபன் ஹிஸ்லாப், ஸ்காட்லாந்துப் பாதிரியார். நாகபுரியில் பள்ளி நடத்திக்கொண்டே, ராபர்ட் ஹன்டரோடு சேர்ந்து தக்ளியில் எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவுகளைக் கிளறியவர். மதம் பரப்ப வந்தவர்தானே என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். நஸ்கலுக்கு வழி அவர் போட்டது. 1863 செப்டம்பர் 4 அன்று டாகல்காட்டில் கல்வட்டங்களைப் பார்த்துவிட்டு, இருட்டில் குதிரையேறி போரி முகாமுக்குத் திரும்பினார். ஓடையில் வெள்ளம். முகாமுக்கு வந்து சேர்ந்தது குதிரை மட்டும்தான். தேடிப் போனவர்கள் உடலை மீட்டார்கள்.

அதே ஆண்டு மே 30-ல்தான் நம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. இன்று ஒரகடம் கார் ஆலைகளுக்குப் பேருந்துகள் விரையும் அந்த வட்டாரத்துக் களிப்பாறையில் டைலோஃபில்லம் இலைத்தடங்கள் உண்டு, அம்மோனைட்டுகளும் உண்டு. நஸ்கலைவிட ஐந்து கோடி ஆண்டுகளாவது மூத்த பாறை. பாலூட்டிகள் அப்போதும் உலகில் இருந்தன. புது ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெளிவரும் களிப்பாறையில் நாலு மூட்டையைப் பக்கத்துக் கல்லூரிக்குக் கொடுத்துச் சலிக்கச் சொன்னால் என்ன? நிர்வாகம் மனது வைத்தால் போதும், பெரிய செலவு கிடையாது.

தீவாக நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு வடக்கத்திப் பாலூட்டிகளின் உறவு எப்படி வந்து சேர்ந்தது? 1994-ல் பிரசாத்தும் மார்க் கொடினோவும் எழுதிய கணுக்கால் எலும்புகள் மரமேறிகளைக் காட்டியது எப்படி? அடுத்த வாரம்.