கைதி எண் 59623

1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத ‘எஸ்குயர்’ இதழில் ஒரு சிறைக் கதை வந்தது. எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 59623 என்ற எண் இருந்தது. ஹெமிங்வே எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை அது. அந்த எண்ணுக்குரியவர் ஓஹியோ மாநிலக் கைதி செஸ்டர் ஹைம்ஸ். கறுப்பின இளைஞர், வயது 25.

கொலம்பஸ் நகரில் இருந்த ஓஹியோ மாநிலச் சிறைக்கு எழுத்தாளர்கள் புதியவர்கள் அல்ல. 1834இல் திறக்கப்பட்ட அந்தச் சிறைக்கு 1898இல் வங்கிப் பணம் கையாடிய வழக்கில் வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பவர் வந்து சேர்ந்தார். மருந்தாளராக வேலை பார்த்த அனுபவம் இருந்ததால் சிறை மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. இரவில் கதை எழுதிப் புனைபெயர்களில் வெளியே அனுப்பினார். நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற்ற ஓ. ஹென்றி அவர்தான்.

ஹைம்ஸ் வந்த வழி வேறு. 1909இல் மிசௌரியில் பிறந்தார். அப்பா கறுப்பினக் கல்லூரிகளில் கொல்லுவேலை கற்றுக்கொடுத்தவர், அம்மாவும் ஆசிரியை. பள்ளியில் வேதியியல் செய்முறை ஒன்றின்போது வெடித்ததில் அண்ணனின் கண்கள் போயின. வெள்ளையர் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நாளின் காயம் தனக்குக் கடைசிவரை ஆறவில்லை என்பதை ஹைம்ஸ் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பிறகு எல்லாம் வேகமாகச் சரிந்தது. 1926இல் கிளீவ்லாந்து ஹோட்டலில் எடுபிடி வேலை பார்த்தபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், அதிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். சூதாட்ட விடுதிகளே கதியென்று கிடந்தார். 1928 இறுதியில் ஒரு பணக்காரத் தம்பதியின் வீட்டில் துப்பாக்கியைக் காட்டி நகைகளைப் பறித்தார். சிகாகோவில் அவற்றை விற்கப் போன இடத்தில் பிடிபட்டார். போலீசார் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். தண்டனை 20 முதல் 25 ஆண்டுகள் கடுங்காவல். அப்போது வயது 19.

முதுகுக் காயத்தால் கடும் உழைப்பிலிருந்து அவருக்கு விலக்கு கிடைத்தது. உள்ளேயும் சூதாடினார். அந்தப் பணத்தில் ஒரு டைப்ரைட்டர் வாங்கினார். ‘பிளாக் மாஸ்க்’ துப்பறியும் இதழ்களையும் டாஷியல் ஹாமெட்டையும் படித்து, கதை எப்படி நகர்கிறது என்று தானாகவே கற்றுக்கொண்டார்.

1930 ஏப்ரல் 21, மாலை. இரவு உணவு முடிந்து கைதிகளை அறைகளில் பூட்டியாயிற்று. கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த பகுதியில் சாரம் தீப்பற்றி, பக்கத்துக் கூரைக்குத் தாவியது. 1,500 பேருக்காகக் கட்டிய சிறையில் அன்று ஏறக்குறைய 4,300 பேர் இருந்தார்கள். கதவைத் திறங்கள் என்று அவர்கள் கதறியும் பூட்டுகள் சீக்கிரம் திறக்கப்படவில்லை. 322 பேர் செத்தார்கள். பலர் புகையில் மூச்சடைத்துப் போனவர்கள். அமெரிக்கச் சிறை வரலாற்றில் இவ்வளவு பேரைக் கொன்ற தீ வேறில்லை.

ஹைம்ஸ் அதை நேரில் பார்த்தார். 1934 அக்டோபர் ‘எஸ்குயர்’ இதழில் வந்த அவரது இரண்டாவது கதை இந்தத் தீயைப் பற்றியதுதான். அதற்கு முன்பே, கறுப்பின வாசகர்களுக்கான பத்திரிகைகள் அவர் கதைகளை வெளியிடத் தொடங்கியிருந்தன. சிறைதான் அவரை எழுத்தாளராக்கியது என்று எழுதுவோர் உண்டு. அந்தப் பெருமை சிறைக்குச் சேரக் கூடாது. பெயர் தெரியாத கைதியின் கதையைப் படித்துப் பார்த்து அச்சேற்றிய ஆசிரியர்களுக்குத்தான் அது சேரும். பூட்டிய கதவுக்குள் வெந்தவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லக் கதை இருந்ததோ!

தீவிபத்துக்குப் பிறகு ஓஹியோவில் தண்டனைச் சட்டங்கள் தளர்ந்தன. 1931இல் பரோல் வாரியம் வந்தது. 1936 ஏப்ரலில், ஏழு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின், ஹைம்ஸ் பரோலில் வெளியே வந்தார். 1945இல் முதல் நாவல். 1950களில் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். ஹார்லெமின் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்களை வைத்து அங்கே எழுதிய வரிசையின் முதல் நாவலுக்கு 1958இல் பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பெரும்பரிசு கிடைத்தது.

சிறைவாசத்தை வைத்து அவர் எழுதிய நாவலை மட்டும் பதிப்பாளர்கள் பாடாய்ப் படுத்தினார்கள். இரண்டு கைதிகளுக்கு இடையிலான அன்பு அதன் உயிர்நாடி. அதையும் நாயகனின் இளமைப் பகுதிகளையும் வெட்டி, 1950களின் தொடக்கத்தில் ‘காஸ்ட் த ஃபர்ஸ்ட் ஸ்டோன்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். முழுப் பிரதி 1998இல்தான் வந்தது. சிறை மூடப்பட்ட 1984ஆம் ஆண்டிலேயே ஹைம்ஸும் ஸ்பெயினில் காலமாகியிருந்தார்.

ஹைம்ஸைப் படிக்க விரும்பும் தமிழ் வாசகர்கள் துப்பறியும் நாவல்களோடு நின்றுவிட வேண்டாம். 1998இல் வந்த அந்த முழுப் பிரதியின் பெயர் ‘யெஸ்டர்டே வில் மேக் யூ க்ரை’. அதையே தேடிப் படியுங்கள். வெட்டப்பட்ட பதிப்பு வேண்டாம்.